லீஃப்ஸ் நிர்வாகத்துக்குக் கோப்பை வேண்டாமா?

கேள்வி இதுதான்: "ஸ்கார்பரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பையன் ஆஸ்டன் மேத்யூஸ் ஜெர்சி கேட்டு அடம் பிடிக்கிறான். ஆபீஸிலோ டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் நிர்வாகத்தைத் திட்டாத ஆளே இல்லை. 2017 முதல் 2025 வரை ஒரு வருடம்கூட விடாமல் பிளே-ஆஃப் போன அணிக்கு ஏன் இவ்வளவு வசவு? நிர்வாகத்துக்குக் கோப்பையே வேண்டாம், டிக்கெட் காசு போதும் என்கிறார்களே, நிஜமா?"

காசு போதும் என்ற பேச்சை இந்த ஊரில் பஸ்ஸில்கூடக் கேட்கலாம். நான் அதை நம்புவதில்லை. கோப்பை மேல் அவர்களுக்கு ஆசை நிறையவே இருந்தது. கையில் இருக்கும் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கத்தான் தைரியம் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், உங்கள் ஆபீஸ்காரர்களின் வயிற்றெரிச்சல் புரிய ஒரு சின்னக் கணக்கு.

ஹாக்கி பிளே-ஆஃப் என்பது ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். மூன்றுக்கு மூன்று என்று நின்றால் ஏழாவது ஆட்டம் வாழ்வா சாவா. லீஃப்ஸ் இப்படிப்பட்ட கடைசி ஆட்டத்தில் 2019-இல் பாஸ்டனிடம் தோற்றது. 2020-இல் கொலம்பஸ் (கோவிட் வருடம், அதனால் ஐந்து ஆட்டத் தொடர்), 2021-இல் மாண்ட்ரியல், 2022-இல் டாம்பா பே, 2024-இல் மறுபடியும் பாஸ்டன், 2025-இல் ஃப்ளோரிடா. இந்த ஆறு ஆட்டத்திலும் சேர்த்து லீஃப்ஸ் அடித்த கோல் மொத்தம் ஐந்து. ஆறு ஆட்டம், ஐந்து கோல். 2023-24 சீசனில் மேத்யூஸ் தனி ஆளாக 69 கோல் அடித்தவர். மிட்ச் மார்னர் 2024-25-இல் 102 புள்ளிகள் (அடித்த கோலும், கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) எடுத்தவர். அந்த ஐந்து கோலில் இந்த இருவருடையது ஒன்றுகூட இல்லை.

இப்போது சொல்லுங்கள், ஒன்பது வருடம் பிளே-ஆஃப் போனதைப் பெருமை என்பீர்களா?

எங்கள் கட்டடத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். வந்த முதல் குளிர்காலத்தில் பேஸ்மெண்ட் வீட்டில் சனிக்கிழமை இரவு வேறு போக்கிடம் இல்லாமல் டிவியில் ஹாக்கி பார்த்துப் பழகியவர். 2025 மே 18, ஃப்ளோரிடாவோடு ஏழாவது ஆட்டம், அவர் வீட்டில்தான் பார்த்தோம். தொடரில் லீஃப்ஸ் முதலில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னால் போயிருந்தது. பிறகு சொந்த மைதானத்தில் ஐந்தாவது ஆட்டத்தை 6-1 என்று கோட்டை விட்டது. ஏழாவது ஆட்டமும் சொந்த மைதானம்தான். இரண்டாம் பகுதியில் மூன்று கோல் வாங்கியதும் அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கேத்தலில் தண்ணீர் வைத்தார். டிவியில் யாரோ ஒரு ரசிகர் ஜெர்சியைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார். "தம்பி, சீனி எவ்வளவு?" என்று சமையலறையிலிருந்து குரல். அந்த ஆட்டமும் 6-1. இறுதிச் சடங்கு வீட்டில் டீ கொடுப்பது போல இருந்தது.

சரி, பழைய கதை.

லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை, அதாவது லீக்கின் சாம்பியன் கோப்பையை, வென்றது 1967-இல், மாண்ட்ரியலைத் தோற்கடித்து. அப்போது லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். அதற்கப்புறம் கோப்பை இருக்கட்டும், இறுதிப் போட்டிக்கே போனதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அணி ஹெரால்டு பாலர்டு என்பவர் கைக்குப் போனது. 1972-இல் மோசடி, திருட்டு வழக்கில் சிறைக்குப் போய் வந்த மனிதர். 1990-இல் சாகும் வரை அணியைப் பெட்டிக்கடை மாதிரி நடத்தினார்.

ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன், ஆளைப் புரிந்துவிடும். 1978-இல் லீக், டிவி பார்ப்பவர்கள் வசதிக்காக ஜெர்சி முதுகில் வீரர் பெயரைப் போடச் சொன்னது. பெயர் தெரிந்துவிட்டால் மைதானத்தில் விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று பாலர்டு மறுத்தார். அபராதம் என்று லீக் மிரட்டியது. உடனே போட்டார்: நீல ஜெர்சியில், அதே நீலத்தில் எழுத்து. பக்கத்தில் போய் நின்றாலும் படிக்க முடியாது. பயிற்சியாளர் ரோஜர் நீல்சனை வேலையை விட்டு அனுப்பி, மாற்று ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டபோது, தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கச் சொன்னவரும் இவர்தான். நீல்சன் மாட்டிக்கொள்ளவில்லை என்பது ஒரு ஆறுதல்.

1979 டிசம்பரில் லேனி மெக்டொனால்டை விற்றார்கள். கேப்டன் டேரில் சிட்லரின் நெருங்கிய நண்பர் அவர். சிட்லரைச் சீண்டத்தான் விற்றார்கள் என்று ஊரே சொன்னது. சிட்லர் தன் ஜெர்சியிலிருந்த கேப்டன் எழுத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டார். ரசிகர்கள் மைதான வாசலில் பலகை பிடித்து நின்றார்கள். மெக்டொனால்டு பத்து வருடம் கழித்து 1989-இல் கால்கரி அணிக்காகக் கோப்பையைத் தூக்கினார். இந்த ஊர் பெரிசுகள் "மேனேஜ்மெண்ட்" என்ற சொல்லையே ஒரு மாதிரி வாயைக் கோணிக்கொண்டு சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

1993-இல் ஒரு நல்ல வருடம். டக் கில்மோரின் ஆட்டத்தால் இறுதிக்கு ஒரு ஆட்டம் தூரம் வரை போய், லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்றார்கள். ஆறாவது ஆட்டத்தில் வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மோர் முகத்தில் பட்டது, நடுவர் அதற்குத் தண்டனை கொடுக்கவில்லை. முப்பது வருடம் தாண்டியும் அந்த நடுவர் பெயரைச் சொன்னால் இங்கே சிலர் காபியைக் கீழே வைத்துவிடுவார்கள். அது நிர்வாகத்தின் குற்றமில்லை, விடுவோம்.

அடுத்து வந்த வியாதி அவசரம். உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் நின்று பாருங்கள்.

2005-இல் லீஃப்ஸ் ஒரு ஃபின்லாந்துப் பையனை டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தேர்வு) எடுத்தது. கோலி, அதாவது வலை காப்பவன், பெயர் டூக்கா ராஸ்க். அடுத்த வருடமே அவனைப் பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு ஆண்ட்ரூ ரேகிராஃப்ட் என்ற ஆயத்தமான கோலியை வாங்கினார்கள். பையன் வளரக் காத்திருக்கப் பொறுமையில்லை. ரேகிராஃப்ட் இரண்டு சீசனில் வெளியே. ராஸ்க் பாஸ்டனின் தூணாக நின்றார். 2009-இல் அதே பாஸ்டனிடமிருந்து ஃபில் கெசலை வாங்கினார்கள். விலையாக 2010-இன் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளும் 2011-இன் முதல் சுற்றுத் தேர்வும். டிராஃப்ட் எப்படி என்றால், மோசமாக ஆடிய அணிகளுக்கு இளம் வீரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு. கெசல் வந்த சீசனில் லீஃப்ஸ் முப்பது அணிகளில் 29-ஆவது. அதனால் விற்ற தேர்வு ஒட்டுமொத்த டிராஃப்டில் இரண்டாவது இடத் தேர்வாகிவிட்டது. பாஸ்டன் அதில் டைலர் செகினை எடுத்து, 2011-இல் கோப்பையும் வென்றது.

2013-இல் லீஃப்ஸ் பல வருடம் கழித்துப் பிளே-ஆஃப் போனது. எதிரணி பாஸ்டன். ஏழாவது ஆட்டம், மூன்றாம் பகுதியில் லீஃப்ஸ் 4-1 என்று முன்னிலை. கடைசி ஒன்றரை நிமிடத்தில் மட்டும் இரண்டு கோல் வாங்கி 4-4 ஆகி, ஓவர்டைமில் போச்சு. அன்றைக்கு எதிர் வலையில் நின்றது ராஸ்க். செகினும் அதே அணியில். நம் வீட்டுக் கத்தியாலேயே நம் கழுத்து.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். 2014-இல் பிரெண்டன் ஷானஹன் தலைவராக வந்தபோது நிர்வாகம் அந்தப் பூனையாகத்தான் இருந்தது. இனி குறுக்கு வழி கிடையாது, இளம் வீரர்களை எடுப்போம், வளர்ப்போம், விற்க மாட்டோம். நியாயமான திட்டம். ஊரும் கைதட்டியது. 2014-இல் நைலாண்டர், 2015-இல் மார்னர், 2015-16-இல் கடைசி இடத்துக்கு விழுந்து அதன் பலனாக முதல் தேர்வில் மேத்யூஸ். மூன்றும் நல்ல தேர்வு, இதில் குறை சொல்பவன் பொய் சொல்கிறான்.

சம்பளம் பேசிய வரிசையில்தான் முதல் ஓட்டை விழுந்தது. இந்த லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. 2019-20-இல் ஓர் அணி மொத்தமாக 81.5 மில்லியன் டாலர்தான் செலவழிக்கலாம். முதலாளி எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. 2018 ஜூலை 1-இல் லீஃப்ஸ் வெளியிலிருந்து ஜான் டவாரஸை வருடத்துக்கு 11 மில்லியன் கொடுத்து ஏழு வருடத்துக்கு எடுத்தது. அவர் டொராண்டோ பக்கத்துப் பையன். சின்ன வயதில் லீஃப்ஸ் போர்வை போர்த்தித் தூங்கும் தன் படத்தைப் போட்டார். ஊர் உருகிவிட்டது. நானும்தான் அன்றைக்குத் துள்ளிக் குதித்தேன், மறைக்கவில்லை.

வெளியாளுக்கு 11 கொடுத்த பிறகு வீட்டுப் பிள்ளைகள் குறைவாக வாங்குவார்களா? நைலாண்டர் சீசன் தொடங்கியும் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் 1-க்குள் போடாவிட்டால் அந்த சீசன் முழுதும் ஆட முடியாது என்பது விதி. கெடு முடியும் நேரத்தில்தான் போட்டார். 2019 பிப்ரவரியில் மேத்யூஸ் 11.634 மில்லியன், அதுவும் எட்டு வருடத்துக்குப் பதில் ஐந்தே வருடம். செப்டம்பரில் மார்னர் 10.893. நான்கு பேர் சம்பளமே உச்சவரம்பில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதியில் பதினாறு பதினேழு பேரைப் பிடிக்க வேண்டும், அதில் கோலியும் தடுப்பாட்டக்காரர்களும் அடக்கம்.

அதே நேரத்தில் பாஸ்டன் என்ன செய்தது? பெர்ஜரான் 6.875, பாஸ்டர்நாக் 6.67, மார்ஷண்ட் 6.125. வீட்டுக்குள் மூத்தவர் பெர்ஜரான் ஏழு மில்லியனைத் தாண்டாததால் இளையவரும் தாண்டவில்லை. 2018, 2019 இரண்டு வருடமும் லீஃப்ஸை வெளியே அனுப்பியது அந்த அணிதான்.

நிர்வாகத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். உச்சவரம்பு வருடாவருடம் ஏறும் என்று நம்பித்தான் இப்படிக் கொடுத்தார்கள். கோவிட் வந்து மூன்று சீசன் அது 81.5-லேயே நின்றுவிட்டது. அதை யாரும் ஜோசியம் பார்த்திருக்க முடியாது. ஆனால் இந்தச் சம்பள நெருக்கடியில் யார் வெளியே போனார்கள் என்று பாருங்கள். சண்டைக்கோழி நாசெம் கட்ரி கொலராடோவுக்கு, 2022-இல் கோப்பை. வலைக்கு முன்னால் அடிவாங்கி நின்று கோல் தேடும் சாக் ஹைமன் எட்மன்டனுக்கு. 2023-24-இல் 54 கோல். முரட்டுத்தனமாக ஆடும் ஆட்களைத்தான் பிளே-ஆஃபில் தேடுவோம். அந்த வகை ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், நால்வர் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

நடுவில் ஒரு வேடிக்கை. 2020 பிப்ரவரி 22, கரோலினா அணியின் இரண்டு கோலிகளும் அடிபட்டு வெளியே. அவசரத்துக்கு டேவிட் அயர்ஸ் என்ற 42 வயதுக்காரரை இறக்கினார்கள். லீஃப்ஸின் இளநிலை அணிக்குப் பனித்தரை வண்டி ஓட்டியவர், லீஃப்ஸ் பயிற்சியில் வலை காத்தவர். கிட்டத்தட்ட நம் வீட்டு ஆள். அவரை வைத்துக் கரோலினா 6-3 என்று லீஃப்ஸை ஜெயித்தது. ஊரே சிரித்தது. அந்த வாரம் முழுக்க நான் ஆபீஸில் ஹாக்கி பேச்சு வந்தால் எழுந்து பிரிண்டர் பக்கம் போய்விடுவேன்.

அடுத்த வருடம் மாண்ட்ரியலுக்கு எதிராக மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலை வகித்துத் தோற்றார்கள். என் கணக்கில் திட்டத்தை மாற்றியிருக்க வேண்டிய கோடை அதுதான். நால்வரில் ஒருவரை விற்றிருந்தால் அன்றைக்கு மலை போல விலை கிடைத்திருக்கும். விற்கவில்லை. ராஸ்க், செகின் ஞாபகம் வந்திருக்கும் போல.

காசுக்காகத்தான் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அதே முதலாளி நிறுவனத்தின் கூடைப்பந்து அணி. ராப்டர்ஸும் அவர்களுடையதுதான். 2018-இல் அதன் தலைவர் மசாய் உஜிரி, ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய டிமார் டிரோசனைக் கொடுத்துவிட்டு, ஒரே வருட ஒப்பந்தம் மீதமிருந்த கவாய் லெனர்டை வாங்கினார். திட்டாத வாய் இல்லை. 2019 ஜூனில் சாம்பியன். லெனர்டு அந்தக் கோடையிலேயே கிளம்பிப் போய்விட்டார், யாரும் வருத்தப்படவில்லை. முதலாளி அதே முதலாளி, கட்டடம் அதே கட்டடம். ஒரு மாடியில் துணிச்சல், இன்னொரு மாடியில் நடுக்கம்.

ஹாக்கியிலேயே உதாரணம் வேண்டுமா? ஃப்ளோரிடா. 2021-22-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி. பிளே-ஆஃபில் இரண்டாம் சுற்றில் நான்கும் தோற்றது. கோடையில் 115 புள்ளி எடுத்த ஹூபர்டோவையும் இன்னும் சிலரையும் கொடுத்து மேத்யூ டகச்சுக்கை வாங்கியது. அப்புறம் தொடர்ந்து மூன்று இறுதிப் போட்டி, 2024, 2025 இரண்டிலும் கோப்பை. 2023-இலும் 2025-இலும் லீஃப்ஸை வழியனுப்பியது அந்த அணிதான். டகச்சுக்கை விற்ற கால்கரியின் மேலாளர் பிராட் டிரெலிவிங். 2023-இல் அவரைத்தான் லீஃப்ஸ் மேலாளராக வைத்தது. (டகச்சுக் தங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கால்கரிக்கு வேறு வழி இருக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.)

அந்த 2023 கோடைதான் எனக்கு இன்னும் ஆறாத புண். ஏப்ரல் 29-இல் டாம்பாவை வென்று 19 வருடம் கழித்து ஒரு தொடரை ஜெயித்திருந்தார்கள். அடுத்த சுற்றில் ஃப்ளோரிடாவிடம் ஐந்தே ஆட்டத்தில் வெளியே. மே 19-இல் மேலாளர் கைல் டூபாஸை நீக்கினார்கள். ஜூலை 1-இல் மார்னரின் ஒப்பந்தத்தில் ஒரு சரத்து உயிர் பெறும்: அதற்குப் பின் அவர் சம்மதிக்காமல் எங்கேயும் அனுப்ப முடியாது. ஆக மாற்றம் செய்ய ஆறே வாரம். அந்த ஆறு வாரத்தில் புது மேலாளரைத் தேடி, வைத்து, அவர் நாற்காலியைச் சரிசெய்து உட்காருவதற்குள் ஜூலை வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது வாசலுக்கு வந்துபோன தபால்காரர் கதை.

இரண்டு வருடம் கழித்து மார்னர் லாஸ் வேகஸுக்குப் போனார், எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன். லீஃப்ஸுக்குக் கிடைத்தது நிக்கோலா ருவா என்ற ஓர் உழைப்பாளி வீரர். 102 புள்ளிக்காரருக்கு அவ்வளவுதான் விலை. அந்த 2025 மே மாதமே ஷானஹனையும் அனுப்பிவிட்டார்கள். அவர் இருந்த பதினோரு வருடத்தில் ஜெயித்த தொடர் இரண்டு.

காசு விஷயத்துக்கு வருகிறேன். பிளே-ஆஃபில் வீரர்களுக்கு வழக்கமான சம்பளம் கிடையாது, லீக் தரும் ஊக்கத் தொகைதான். சொந்த மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டமும் முதலாளிக்குக் கொழுத்த வரவு. காசுப் பேயாக இருந்தாலும் ஜூன் வரை ஆடத்தான் ஆசைப்படுவான். ஆனால் உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தோற்றால் வலிக்க வேண்டிய இடத்தில் இவர்களுக்கு வலிப்பதில்லை. தொடர்ந்து ஏழு சீசன் பிளே-ஆஃபே போகாத காலத்திலும் இருக்கை காலியாக இல்லை. கீழ்த்தட்டு இருக்கைகளில் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். இரண்டாம் பகுதி தொடங்கி ஐந்து நிமிடம் வரை உள்ளே வராமல் லவுஞ்சில் நிற்பார்கள். டிவியில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலி தெரியும், ஆனால் டிக்கெட் விற்றாகிவிட்டது. ஒரு காலத்தில் முதலாளி நிறுவனத்தின் பெரும்பங்கு ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி கையில் இருந்தது. 2012-இல் பெல், ரோஜர்ஸ் என்ற இரண்டு தொலைபேசிப் போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து வாங்கின. 2025 ஜூலையில் பெல்லின் பங்கை ரோஜர்ஸ் 4.7 பில்லியன் கனடா டாலருக்கு எடுத்துக்கொண்டது. கனடாவில் ஹாக்கியின் தேசிய ஒளிபரப்பு உரிமையும் ரோஜர்ஸிடம்தான். யார் கோல் போட்டாலும் பில் நம் வீட்டுக்குத்தான் வரும்.

யாழ்ப்பாணத்து அண்ணனிடம் உங்கள் கேள்வியைச் சொன்னேன். "தம்பி, திட்டுறவையும் நாங்கள்தான், டிக்கெட் வாங்குறவையும் நாங்கள்தான். பிறகு அவங்கள் என்னத்துக்குப் பயப்படுறது?" என்றார். சொல்லிவிட்டுக் கார் ஜன்னலில் மாட்டும் லீஃப்ஸ் கொடியை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார்.

பையன் ஜெர்சி விஷயம். வாங்கிக் கொடுங்கள், மேத்யூஸ் நல்ல ஆட்டக்காரர்தான். ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் முதலில் பெரிய மைதானத்துக்குப் போகாதீர்கள், நாலு பேர் உள்ள குடும்பத்துக்குப் பர்ஸ் தாங்காது. எக்ஸிபிஷன் பக்கம் கோகோ-கோலா கொலீசியத்தில் மார்லீஸ் ஆடுகிறார்கள். லீஃப்ஸின் இளநிலை அணி, டிக்கெட் சல்லிசு, பக் (ஹாக்கி வட்டு) கண்ணாடியில் மோதும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். அவர்கள் 2018-இல் தங்கள் லீக்கின் கோப்பையை வென்றவர்கள். ஏழாவது ஆட்டத்தில்.